ரிட்டயர்மென்ட் பணம் கடைசி வரைக்கும் வரணும்னா எதுல போடுறது: சீனியர் சிட்டிசன் ஸ்கீமா, பென்ஷன் பிளானா, எஸ்டபிள்யூபியா?

பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து ஒரே நாள்ல அக்கவுன்ட்ல விழும்போது எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "எங்க போட்டா வட்டி ஜாஸ்தி". அந்தக் கேள்விக்கு பதில் சொல்றது ஈஸி. ஆனா 60 வயசுல ரிட்டயர் ஆகுற ஒருத்தரோட பணம் அவர் கூட மட்டும் முடியாது, அவரை விட அஞ்சு வயசு சின்னவங்களா வீட்டம்மா இருந்தா அவங்க 85 வரைக்கும் வரணும், அதாவது 30 வருஷம், சர்வீஸ் பண்ணுன காலத்துக்கு கிட்டத்தட்ட சமமா சம்பளம் இல்லாத ஒரு காலம். அதனால வட்டி எவ்வளவுங்கறதை விட மாசம் எவ்வளவு எடுக்கறோம், அது எப்படி ஏறிக்கிட்டே போகும்னு பாத்துட்டுதான் எதுல போடறதுன்னு யோசிக்கணும்.

சும்மா பொதுவா பேசாம எங்க சித்தப்பா கணக்கையே எடுத்துக்கறேன், அவர்கிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில சூப்பர்வைசர், வயசு 60, சித்திக்கு 55. சொந்த வீடு, கடன் கிடையாது. கையில 60 லட்சம். மாசச் செலவு 33,000, இபிஎஃப் பென்ஷன் ஒரு 3,000 வருது, (இந்த பென்ஷன் ஏறவே ஏறாது, மினிமம் 1,000 ரூபாய்னு 2014ல வச்சது இன்னும் அப்படியே நிக்குது, அதைப் பத்தி பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன்) ஆக சேமிப்புல இருந்து மாசம் 30,000 எடுக்கணும்.

விலைவாசி வருஷம் 6 பர்சென்ட் ஏறுதுன்னு வச்சுக்கறேன். ரிசர்வ் பேங்க் டார்கெட் 4 தான், 6 வந்து அவங்களே வச்சிருக்கற மேல் வரம்பு, ஆனா வயசானவங்க செலவுல மருந்து, ஆஸ்பத்திரி, இன்சூரன்ஸ் பிரீமியம்னு வேகமா ஏறுறதுதான் ஜாஸ்தி அதனால 6னு வச்சா தப்பில்ல. அப்படின்னா இன்னைக்கு 30,000க்கு ஓடுற குடும்பத்துக்கு 12 வருஷத்துல 60,000 வேணும், அதுக்கப்புறம் இன்னொரு 12 வருஷம் போனா 1,20,000. இதை பேப்பர்ல எழுதிக் காட்டுனப்போ சித்தி நம்பவே இல்ல, "ரெண்டு பேருக்கு எதுக்குப்பா அவ்வளவு"ன்னாங்க. 24 வருஷத்துக்கு முன்னாடி ஒரு லிட்டர் பால் என்ன விலைன்னு கேட்டேன், பேசாம இருந்துட்டாங்க.

இப்ப அந்த 60 லட்சம் எத்தனை வருஷம் வரும்? வருஷா வருஷம் எடுக்கற தொகையையும் 6 பர்சென்ட் ஏத்திக்கிட்டே போனா, பணம் 6 பர்சென்ட் சம்பாதிச்சா 18 வருஷம் கூட தாண்டாது. 8 சம்பாதிச்சா 22 வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும், சித்திக்கு அப்ப 77. 10 சம்பாதிச்சா கிட்டத்தட்ட 30 வருஷம். இதைப் பாத்தவுடனே எல்லாரும் "அப்ப 10 பர்சென்ட் எங்க கிடைக்கும்"னு தேட ஆரம்பிச்சிடுவாங்க. ஆனா அதே 8 பர்சென்ட்லயே இருந்துக்கிட்டு 30,000க்கு பதிலா 25,000 எடுத்தா 27 வருஷம் வருது. 20,000 எடுத்தா 37 வருஷம். வட்டிய ரெண்டு பர்சென்ட் ஏத்தறதுக்கு நாம எடுத்துக்கற ரிஸ்க்கை நினைச்சுப் பாத்தா ஆரம்பத்துல அஞ்சாயிரம் குறைச்சு எடுக்கறது எவ்வளவோ மேல். அமெரிக்காவுல பெங்கன்னு ஒரு ஃபைனான்ஷியல் பிளானர் 1994ல பழைய மார்க்கெட் கணக்கெல்லாம் போட்டுப் பாத்து, முதல் வருஷம் 4 பர்சென்ட் எடுத்து அப்புறம் விலைவாசிக்கு தக்கபடி ஏத்திக்கிட்டா 30 வருஷம் தாங்கும்னு சொன்னாரு, அது அந்த ஊரு மார்க்கெட், அந்த ஊரு விலைவாசி, நமக்கு அப்படியே பொருந்தாது, ஆனா 6 பர்சென்ட் எடுக்கறது எங்கயுமே ஜாஸ்திதான். சித்தப்பா எடுக்க நினைச்சது சரியா அந்த 6.

சரி இப்ப ஒவ்வொண்ணா.

முதல்ல போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், பேங்க்லயும் ஆரம்பிக்கலாம். 2004ல வந்தது, இப்ப வட்டி 8.2, 2023 ஏப்ரல்ல இருந்து அதேதான், ஒருத்தருக்கு 30 லட்சம் வரைக்கும், அஞ்சு வருஷம். வட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவை வரும். 30 லட்சத்துக்கு காலாண்டுக்கு 61,500, மாசக் கணக்குல 20,500. கவர்ன்மென்ட் கியாரன்டி, நடுவுல வட்டி மாறாது. பாதுகாப்பும் இவ்வளவு வட்டியும் சேர்ந்து வர்ற இடம் வேற கிடையாதுன்னே சொல்லலாம், அதனால இதுல போடலாமா வேணாமாங்கற விவாதமே வேணாம், போடணும். இதுல சொல்ல வேண்டியது வேற.

சித்திக்கு 60 ஆகலைங்கறதால அவங்க பேர்ல தனியா ஆரம்பிக்க முடியாது. ஜாயின்டா சேர்க்கலாம், ஆனா அதுக்காக 60 லட்சம் போட முடியாது, மொத்தமும் முதல் பேரோட 30 லட்ச வரம்புலதான் வரும். ஜாயின்டா சேர்க்கறதுல ஒரு நல்லது என்னன்னா முதல் பேர்ல இருக்கறவருக்கு ஏதாவது ஆயிட்டா, மனைவிக்கு அப்ப ஸ்கீம்ல சேர்ற தகுதி இருந்தா அந்த அக்கவுன்டை மெச்சூரிட்டி வரைக்கும் அப்படியே தொடரலாம். இன்னொண்ணு, முதல் வருஷத்துலயே எடுத்தா வட்டியே கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ளன்னா அசல்ல 1.5 பர்சென்ட் பிடிப்பாங்க, அப்புறம் எடுத்தா 1 பர்சென்ட். இதைக் குறையா சொல்றவங்க உண்டு, என்னைக் கேட்டா இதுதான் இந்த ஸ்கீமோட பெரிய பலம். ரிட்டயர் ஆன மனுஷன்கிட்ட சும்மா கிடக்கற பணத்தைப் பாத்து கைமாத்து கேக்க எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியாதவங்க தமிழ்நாட்டுல உண்டா? "போஸ்ட் ஆபீஸ்ல லாக் ஆயிருக்குப்பா" அப்படிங்கறது ரொம்ப மரியாதையான ஒரு பதில்.

ஆனா பெரிய பிரச்சினை அஞ்சு வருஷம் கழிச்சு வருது. 2015ல இந்த ஸ்கீம்ல 9.3 பர்சென்ட், அப்ப வரம்பு 15 லட்சம். 15 லட்சம் போட்டவருக்கு மாசம் 11,625 வந்துச்சு. 2020 நடுவுல மெச்சூர் ஆகி திரும்பப் போடப் போனா வட்டி 7.4 ஆயிடுச்சு, மாசம் 9,250. அஞ்சு வருஷத்துல விலைவாசி ஏறியிருக்கு, வருமானம் இரண்டாயிரத்துச் சொச்சம் இறங்கியிருக்கு, அசல் அதே 15 லட்சம். இப்ப 8.2ன்னு சந்தோஷமா இருக்கறவங்க இதை ஒரு தடவை யோசிச்சுக்கணும், 2025ல மட்டும் ரிசர்வ் பேங்க் ரெப்போவ (அது பேங்குகளுக்கு கடன் குடுக்கற வட்டி) 6.5ல இருந்து 5.25 வரைக்கும் இறக்கிடுச்சு, பேங்க் எஃப்டி வட்டியெல்லாம் கூடவே இறங்குது.

எம்ஐஎஸ்னு சொல்ற போஸ்ட் ஆபீஸ் மாச வருமானத் திட்டம் 7.4, தனியா 9 லட்சம், ஜாயின்டா 15 லட்சம். இதுக்கு வயசு வரம்பு இல்ல. 15 லட்சத்துக்கு மாசம் 9,250. இப்ப பாருங்க, அந்த 20,500ஐயும் இதையும் கூட்டுனா 29,750. சித்தப்பாவுக்கு வேண்டியது 30,000. அவர் முகத்துல அப்படி ஒரு நிம்மதி, "வேலை முடிஞ்சுதுப்பா, மீதி 15 லட்சத்தை எஃப்டில போட்டுடுவோம்"னாரு. இந்த இடத்துலதான் பாதிப் பேர் நிறுத்திடறாங்க. முதல் வருஷம் சரியா வரும், ரெண்டாவது வருஷமே 2,050 குறையும், 65 வயசுல மாசம் பத்தாயிரம் துண்டு விழும். வட்டி மொத்தத்தையும் தின்னுட்டா அசல் பத்திரமா இருக்கற மாதிரி தெரியும், ஆனா இன்னைக்கு 45 லட்சம் 12 வருஷம் கழிச்சு பாதிதான் பெறும்.

ரிசர்வ் பேங்க் ஃப்ளோட்டிங் ரேட் பாண்டு ஒண்ணு இருக்கு, என்எஸ்சிங்கற போஸ்ட் ஆபீஸ் சேமிப்புப் பத்திரத்தோட வட்டில 0.35 சேர்த்து 8.05, வரம்பே கிடையாது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வட்டி மாறும், ஏழு வருஷம் பூட்டு. 60லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கறவங்க ஆறு வருஷம் கழிச்சுதான் முன்கூட்டியே எடுக்க முடியும். நிறைய பணம் இருக்கறவங்களுக்கு ஓகே, 60 லட்சத்துல வாழ்றவங்க இவ்வளவு நாள் கட்டிப் போட வேணாம்னு நினைக்கறேன். பேங்க் எஃப்டி பத்தி ஒரே வரி: ஒரு பேங்க்ல அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சத்துக்குதான் டெபாசிட் இன்சூரன்ஸ், அரை பர்சென்ட் ஜாஸ்தி தர்றாங்கன்னு சின்ன பேங்க்ல மொத்தத்தையும் கொட்டாதீங்க. மாசம் 3 பர்சென்ட், 10 பர்சென்ட்னு ஆசை காட்டுறவங்களைப் பத்தி ஒரு வரி கூட வேணாம், ஆருத்ரா நிதி மோசடில பணம் கட்டுனவங்களைக் கேளுங்க.

அடுத்தது பென்ஷன் பிளான். எல்ஐசி ஜீவன் அக்ஷய் மாதிரி, ஒரு தடவை பணம் கட்டிட்டா உயிரோட இருக்கற வரைக்கும் வந்துகிட்டே இருக்கும். உண்மையிலயே ஆயுசு பூரா வரும்னு எழுதிக் குடுக்கற ஒரே சாதனம் இதுதான், சீனியர் சிட்டிசன் ஸ்கீமோ ஃபண்டோ அப்படி எழுதிக் குடுக்காது. 95 வரைக்கும் இருந்தாலும் குடுத்துதான் ஆகணும், வட்டி எவ்வளவு இறங்குனாலும் நமக்கு மாறாது. இவ்வளவு நல்லது இருந்தும் நான் 60 வயசுல இதை வேணாம்னு சொன்னதுக்கு காரணம் இருக்கு.

ஏஜென்ட்டுங்க முதல்ல காட்டுறது போட்ட பணம் கடைசில வாரிசுக்கு திரும்ப வர்ற வகை. நம்ம ஆளுங்களுக்கு அதுதான் பிடிக்கும், பணம் போயிடக் கூடாது. அதுல 60 வயசுக்கு சுமாரா ஆறரை பர்சென்ட் பக்கம்தான் வரும், அதுவும் ஏறாது. திரும்ப வராத வகைல எட்டுக்கு மேல வரும், துல்லியமா வாங்கற அன்னைக்கு அவங்க வெப்சைட்ல வயசு போட்டுப் பாத்துக்கோங்க. அந்த ஒன்றரை, ரெண்டு பர்சென்ட் வித்தியாசத்தை 25 வருஷம் விட்டுக் குடுத்து பசங்களுக்கு விட்டுட்டுப் போற 10 லட்சம் அன்னைக்கு என்ன பெறும்னா இன்னைக்கு மதிப்புல 2.3 லட்சம். அதுக்காக அப்பா அம்மா மாசா மாசம் குறைச்சு வாங்கறதுல என்ன அர்த்தம்? பென்ஷன் பிளான்னு வாங்குனா திரும்ப வராத வகை, கணவன் மனைவி ரெண்டு பேர் ஆயுசுக்கும் முழுசா வர்ற மாதிரி வாங்கணும், ரெண்டு உயிருக்குங்கறதால கொஞ்சம் குறையும், பரவால்ல. வருஷம் 3 பர்சென்ட் ஏறுற வகையும் இருக்கு, ஆனா அது முதல் வருஷத் தொகைல 3 பர்சென்ட், கூட்டு வட்டி மாதிரி ஏறாது, ஆரம்பமும் குறைவு.

இன்னொரு விஷயம், வயசு ஏற ஏற அதே பணத்துக்கு பென்ஷன் ஜாஸ்தி கிடைக்கும், கம்பெனி குடுக்க வேண்டிய வருஷம் குறையுதுல்ல. அதனால 60ல அவசரப்பட்டு வாங்கறதை விட 70ல வாங்கறது லாபம். ஒருதடவை குடுத்துட்டா திரும்பக் கேக்க முடியாதுங்கறதையும் சேர்த்துப் பாத்தா இன்னும் பத்து வருஷம் கையிலயே இருக்கட்டுமே.

மூணாவது எஸ்டபிள்யூபி, அதாவது மியூச்சுவல் ஃபண்டுல போட்டுட்டு மாசா மாசம் யூனிட் வித்து வாங்கிக்கறது. யூடியூப்ல இப்ப இதுதான் எங்க பாத்தாலும், "ஒரு கோடி போடு, மாசம் ஒரு லட்சம் எடு, அசலும் வளரும்"னு. அவங்க போடற கணக்குல வருஷா வருஷம் 12 பர்சென்ட் தவறாம வரும். நிஜத்துல அப்படி வராது, சராசரி 12 வந்தாலும் எந்த வருஷம் முதல்ல வருதுங்கறதுல எல்லாம் தலைகீழா மாறிடும்.

நிஜ நம்பர்லயே பாப்போம். ஒருத்தர் 2008 ஜனவரில 30 லட்சத்தை நிஃப்டில (பெரிய 50 கம்பெனி ஷேர் சேர்ந்த இண்டெக்ஸ்) போட்டு வருஷம் 1.8 லட்சம் எடுக்க ஆரம்பிச்சாரு, வருஷா வருஷம் கொஞ்சம் ஏத்தி. அந்த வருஷம் நிஃப்டி 52 பர்சென்ட் விழுந்துச்சு. 2009ல 76 பர்சென்ட் ஏறுச்சு, 2010ல 18. 2010 கடைசில நிஃப்டி கிளம்புன இடத்துக்கே வந்துடுச்சு, 6,130 பக்கம். ஆனா இவர் பணம் 22 லட்சம்தான் இருந்திருக்கும் (டிவிடெண்ட் சேர்க்கல). எடுத்தது என்னமோ 5.7 லட்சம், காணாம போனது 8 லட்சம், ஏன்னா அடிமாட்டு விலைல யூனிட் வித்துட்டாரு, வித்த யூனிட் திரும்ப ஏறும்போது கையில இல்ல. இப்ப இதே ஆளு ஒரே ஒரு வருஷம் தள்ளி 2009 ஜனவரில ஆரம்பிச்சிருந்தா, 2011ல நிஃப்டி கால்வாசி விழுந்ததையும் சேர்த்து, மூணு வருஷம் எடுத்ததுக்கப்புறம் கையில 42 லட்சம். 22க்கும் 42க்கும் நடுவுல இருக்கறது திறமை இல்ல, பிறந்த தேதி. ஒரு வருஷம் முன்னாடி பிறந்தவர் ஒரு வருஷம் முன்னாடி ரிட்டயர் ஆனாரு, அவ்வளவுதான்.

அதுக்காக ஃபண்டே வேணாம்னு சொல்ல வரல. 6 பர்சென்ட் விலைவாசிய நல்லா தாண்டி வளரக்கூடிய சாமான் இந்த லிஸ்ட்ல இது ஒண்ணுதான், இது இல்லாம 30 வருஷம் ஓட்டறது கஷ்டம். வேணாம்னு சொல்றது ரிட்டயர் ஆன அடுத்த மாசமே இதுல இருந்து சோத்துக்கு எடுக்கறதை. முதல் அஞ்சாறு வருஷம் இதுல கை வைக்காம இருக்க முடிஞ்சா மார்க்கெட் விழுந்தாலும் எந்திரிக்கற வரைக்கும் காத்திருக்கலாம். கடன் ஃபண்டுன்னா (ஷேர்ல போடாம பாண்டுல போடற ஃபண்டு) பத்திரம்னு நினைக்கறவங்களுக்கு மட்டும், 2020 ஏப்ரல்ல ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் ஆறு கடன் ஃபண்டை மூடுனது ஞாபகம் இருக்கட்டும், பணம் பின்னாடி வந்துச்சு, ஆனா மாசச் செலவுக்கு நம்பியிருந்தவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.

டாக்ஸை வச்சு இதுல எதையும் முடிவு பண்ணாதீங்க. புது முறைல 2025-26ல இருந்து 12 லட்சம் வருமானம் வரைக்கும் ரிபேட் இருக்கு, வருஷம் மூணு நாலு லட்சம் வட்டி வாங்கற சித்தப்பா மாதிரி ஆளுங்களுக்கு டாக்ஸ் சுழி. ஷேர் ஃபண்டுல ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்தா லாபத்துல வருஷம் 1.25 லட்சம் வரைக்கும் விலக்கு, மேல 12.5 பர்சென்ட். "எஸ்டபிள்யூபில டாக்ஸ் மிச்சம்"ங்கறது பெரிய வருமானக்காரங்க பேச்சு.

வீடு வாங்கி வாடகைக்கு விடறது? 50 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்குனா வாடகை 2, 3 பர்சென்ட் தேறாது, அதுல மெயின்டனன்ஸ், பெயின்ட், காலி பண்ணாத ஆளு. 78 வயசுல யார் போய் சண்டை போடறது. ஆனா இருக்கற வீட்டுல இடம் சும்மா கிடந்தா அது வேற கதை. சித்தப்பா வீட்டு மாடி போர்ஷன், பையன் பெங்களூரு போனதுல இருந்து பழைய சாமான் போட்டு வச்சிருக்காங்க. அதை வாடகைக்கு விட்டா 7,000 வரும். சித்தி முதல்ல ஒத்துக்கவே இல்ல, பையன் தீபாவளிக்கு வந்தா எங்க தங்குவான்னு. கணக்கைக் காட்டுனேன்: 30,000 எடுக்க வேண்டிய இடத்துல 23,000 எடுத்தா போதும், 8 பர்சென்ட்ல 22 வருஷம் கூட வராத பணம் 30 வருஷம் வருது. வாடகையும் விலைவாசி கூடவே ஏறும். எந்த ஸ்கீமும், எந்த ஃபண்டும் இந்த எட்டு வருஷத்தை குடுக்காது. (பையன் ஃபிளாட்டுக்கு அட்வான்ஸா 15 லட்சம் கேட்டிருந்தான், அந்தப் பேச்சை நான் எடுக்கல, சித்தியே அன்னைக்கு சாயங்காலம் ஃபோன்ல முடிச்சு வச்சிட்டாங்க.)

கடைசில நாங்க பிரிச்சது இப்படி. 30 லட்சம் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், ஜாயின்டா, மாசம் 20,500. தேவைப்படற 23,000க்கு முதல் வருஷம் 2,500தான் துண்டு, அஞ்சாவது வருஷம் 8,500 ஆகும், அஞ்சு வருஷத்துக்கும் சேர்த்து மூணேகால் லட்சம், அதுக்காக 5 லட்சத்தை ஒண்ணு, ரெண்டு, மூணு வருஷம்னு எஃப்டியா பிரிச்சுப் போட்டாச்சு. இன்னொரு 5 லட்சம் வேற பேங்க்ல, ஆஸ்பத்திரிக்கு மட்டும், இன்சூரன்ஸ் இருந்தாலும். மீதி 20 லட்சம் ஒரு நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டுலயும் ஒரு பேலன்ஸ்டு அட்வான்டேஜ் ஃபண்டுலயும் (மார்க்கெட்டைப் பாத்து ஷேர், பாண்டு பங்கை மாத்திக்கற ஃபண்டு), ஒரே நாள்ல போடாம ஒன்றரை வருஷமா பிரிச்சு. எம்ஐஎஸ் வேணாம்னு விட்டுட்டோம், சித்தப்பாவுக்கு அதுல இன்னும் வருத்தம்தான்.

வேற மாதிரி இருக்கறவங்களுக்கு இது மாறும். கவர்ன்மென்ட் பழைய பென்ஷன் வர்றவங்களுக்கு டிஏ கூடவே ஏறும், அவங்க பென்ஷன் பிளான் பக்கமே போக வேணாம், கையில வர்ற பணத்துல ஃபண்டு பங்கை கூட்டலாம். மனைவி இல்லாம தனியா இருக்கறவங்க, பணத்தைப் பாத்துக்க ஆள் இல்லாதவங்க, மார்க்கெட் விழுந்தா தூக்கம் வராதவங்க பென்ஷன் பிளானை கொஞ்சம் முன்னாடியே வாங்கலாம், தூக்கத்துக்கும் விலை உண்டு.

சித்தப்பாவுக்கு 65 ஆகும்போது ஸ்கீம் மெச்சூர் ஆகும், அதே வருஷம் சித்திக்கு 60. அப்ப ரெண்டு பேர் பேர்லயும் தனித்தனியா போடலாம், அன்னைக்கு வட்டி என்ன இருக்கோ பாத்துட்டு ஃபண்டுல நல்லா ஏறியிருந்தா அதுல இருந்து கொஞ்சம் எடுத்து சித்தி பேர்லயும் ஒண்ணு. 70ல ரெண்டு பேர் ஆயுசுக்கும் சேர்த்து திரும்ப வராத பென்ஷன், ஒரு 15 லட்சத்துக்கு, அரிசி பருப்பு கரண்ட் பில் மருந்துக்கு மட்டும் ஆகற அளவுக்கு. அதுக்கு அன்னைக்கு எல்ஐசி மட்டும் பாக்காம நாலஞ்சு கம்பெனில ரேட் கேக்கணும், அதே வயசு அதே பணத்துக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஒருதடவை கையெழுத்து போட்டா மாத்த முடியாது.